லீக் பாத்தியும் இரண்டு கோணியும்

வட இங்கிலாந்தின் ஸ்கார்லா சுரங்கத்தில் கரி வெட்டிய அறுநூறு பேரில் நோவா ஜாப்ளிங்கைப் போல முத்து முத்தாக எழுதத் தெரிந்தவன் ஒருவனும் கிடையாது. மற்றவர்களிடம் பேனாவைக் கொடுத்தால் கடப்பாரையைப் பிடிப்பதுபோலப் பிடிப்பார்கள். அதனால், சுரங்கத்தில் யாராவது செத்து, எப்படிச் செத்தான் என்று விசாரிக்க டர்ஹாமிலிருந்து கரோனர் வரும் நாளிலெல்லாம், சார்ஜண்ட் பிளெங்கின் நேரே நோவாவின் கதவைத்தான் தட்டுவார். பன்னிரண்டு பேர் ஜூரிக்கு அவன்தான் தலைவன். வருஷத்துக்கு ஏழெட்டுத் தடவையாவது இது நடக்கும். எங்கள் ஊரில் சாவுக்குப் பஞ்சமா என்ன?

விசாரணை 'நீல மணி' விடுதியின் மாடியில். முதலில் எல்லோரும் செத்தவன் வீட்டுக்குப் போய்ப் பிணத்தைப் பார்க்க வேண்டும், அது சட்டம். பிறகு மாடியேறிச் சாட்சிகளைக் கேட்பார்கள். 'விபத்து மரணம்' என்று நோவா எழுதுவான், பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கீழே இறங்கி ஆளுக்கொரு பீர் குடிப்பார்கள். நோவாவுக்கு அதில் கொஞ்சம் கர்வம்தான், இருந்துவிட்டுப் போகட்டும். மனைவி மார்த்தா பிரசவத்தில் போய்ப் பத்து வருஷம், பிள்ளையும் தங்கவில்லை. ஜூரித் தலைவன் என்ற பெயரும் வீட்டுக்குப் பின்னால் இருந்த லீக் பாத்தியும்தான் அவனுக்கு மிச்சம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றாம் வருஷம் வசந்தத்தில் ஒரு புது மாதிரி வழக்கு வந்தது. ஒருவன் இன்னொருவனை இரும்புக் கம்பியால் அடித்திருக்கிறான். அடிபட்டவன் படுத்த படுக்கையாகக் கிடந்து, பதினாலு மாதம் கழித்துச் செத்தான். கரோனர் த்வெயிட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஜூரிக்கு விளக்கினார்.

"கொல்லணும்னு நினைச்சாதான் கொலைன்னு இல்ல. பலமா ஊனப்படுத்தணும்னு நினைச்சு அடிச்சு, அதுல ஆள் செத்தாலும் கொலைதான், தூக்குதான். ஆனா அடிச்ச நாள்லேருந்து ஒரு வருஷமும் ஒரு நாளும் தாண்டிச் செத்தா, அந்தச் சாவை அடிச்சவன் தலையில கட்ட முடியாது. சட்டம் அத்தோட வாயை மூடிக்கும்."

அன்று சாயங்காலம் கீழே பீர்க் குவளையோடு உட்கார்ந்து, ஏதோ தானே எழுதிய சட்டம் மாதிரி நோவா அதை எல்லோருக்கும் எடுத்து விட்டான். ஐசக் ரெய்ன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அப்போ ஒருத்தனை மண்டையில போட்டா, ஒரு வருஷத்துக்கு அவனை உக்கார வெச்சு சூப் ஊத்தணும்னு சொல்லு! இதுக்குக் கல்யாணமே தேவலாம் போல இருக்கே, பங்காளி!"

பங்காளி என்று அவன் சும்மா சொல்லவில்லை. எங்கள் சுரங்கங்களில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சீட்டுக் குலுக்கி, யார் எந்த இடத்தில் கரி வெட்டுவது என்று முடிவு செய்வார்கள். ஓர் இடத்துக்கு இரண்டு ஆள். ஒருவன் விடியற்காலை ஷிப்டு, மற்றவன் அடுத்த ஷிப்டு, இருவருக்கும் ஒரே கூலிச் சீட்டு. அவன் சோம்பினால் இவன் வயிறு காயும். நோவாவும் ஐசக்கும் பதினோரு வருஷப் பங்காளிகள். ஐசக்குக்கு வாய் ஓயாது. நோவா பேசாமடந்தை.

இனி லீக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரனுக்கு அது வெங்காயத்தாளின் பெரியண்ணன், சூப்பில் போடுகிற சமாசாரம். எங்கள் ஆட்களுக்கு அது மானம். செப்டம்பரில் நடக்கும் போட்டிக்காக வருஷம் முழுக்க அதைச் சீராட்டுவார்கள். பெண்டாட்டிக்கு ஜுரம் என்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பவன், லீக்கில் ஓர் இலை வாடினால் லாந்தரோடு ஓடுவான். கைராசி போதாதவன் போட்டிக்கு முன்னால் அடுத்தவன் பாத்தியில் புகுந்து கத்தியால் கீறிவிட்டுப் போவதும் உண்டு. முந்தின வருஷம் நோவாவின் லீக் பன்னிரண்டும் அப்படித்தான் போயின. அன்று அவன் பாத்தியோரம் உட்கார்ந்து அழுததை ஐசக்கின் மனைவி எல்லன் பார்த்திருக்கிறாள்.

செப்டம்பர் ஏழாம் தேதி, வியாழக்கிழமை. சனிக்கிழமை போட்டி. நோவாவுக்கு விடியற்காலை ஷிப்டு. உள்ளே கரி வண்டிகள் தடம் புரண்டு வேலை நின்றுபோனதால் எட்டு மணிக்கே மேலே அனுப்பிவிட்டார்கள். முகத்துக் கரியோடு வீட்டுக்கு வந்தவன், பழக்கத்தில் முதலில் பாத்தியை எட்டிப் பார்த்தான். வானம் கருத்துக் கிடந்தது. பாத்திக்குள் ஒருவன் முதுகைக் காட்டி மண்டியிட்டிருந்தான். கையில் கத்தி. பக்கத்தில் இரண்டு கோணி. கீறுவது மட்டுமில்லை, அள்ளிக்கொண்டும் போகப் போகிறான்!

கதவோரம் மண்வாரி சாத்தியிருந்தது. கொல்ல வேண்டும் என்று நோவா நினைக்கவில்லை, அது சத்தியம். ஆனால் இந்தப் பயல் இனி எழுந்து நடமாடவே கூடாது என்று நினைத்தான், அதுவும் சத்தியம். மண்வாரியின் பின்பக்கத்தால் ஓங்கிப் பின்மண்டையில் ஒரு போடு போட்டான்.

ஆள் குப்புற விழுந்தான். புரட்டிப் பார்த்தால் ஐசக்.

நோவா பாத்தியைப் பார்த்தான். லீக்கில் ஓர் இலைகூடக் கீறப்படவில்லை. நல்ல நேரத்துக்கு வந்துவிட்டேன் என்றுதான் அவன் நினைத்தான். கத்தியைக் கோணிகளுக்குள் சுருட்டித் தோட்டத்துக் கொட்டகைக்குள் எறிந்தான், மண்வாரியைத் துடைத்தான், ஐசக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினான். "விழுந்துட்டான்! பாத்தியோரச் செங்கல்லுல விழுந்துட்டான்!" என்று கத்திக்கொண்டே ஓடினான். வானத்தில் கருத்து நின்ற மேகம் ஒரு சொட்டுக்கூடப் பெய்யாமல் கடலைப் பார்க்கப் போய்விட்டது.

மூன்று நாள் ஐசக் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தான். நோவா அந்தக் கட்டிலருகிலேயே கிடந்தான். என்ன பாசம் பார், கூடப் பிறந்தவன்கூட இப்படி இருக்கமாட்டான் என்று தெருவே சொன்னது. பாசமா? ஐசக் கண்ணைத் திறந்தால் என்ன சொல்வானோ, திறக்காமலே போய்விட்டால் என்ன ஆகுமோ என்றுதான் அவன் அங்கே காத்துக் கிடந்தான். டர்ஹாம் சிறையின் தூக்குமேடையை அவன் பார்த்ததில்லை. பார்க்காததால் அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஐசக் விழித்தான். டாக்டரும் சார்ஜண்டும் எல்லனும் குனிந்தார்கள்.

"எப்படிய்யா ஆச்சு?" என்றார் சார்ஜண்ட்.

ஐசக்கின் கண் மெதுவாகச் சுற்றி வந்து நோவாவின் முகத்தில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"சறுக்கிட்டேன்," என்றான். "அவன் பாத்தி சோப்பு மாதிரி வழவழன்னு இருக்கு."

நோவா எழுந்து வெளியே போய்விட்டான். ஐசக்குக்கு எல்லாம் தெரியும் என்று அந்தக் கணமே அவனுக்குப் புரிந்துவிட்டது. ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பதுதான் புரியவில்லை. திருட வந்தவனுக்குச் சொல்ல வாய் ஏது என்று தனக்குத்தானே ஒரு பதில் சொல்லிக்கொண்டான்.

அன்று மாலை கொட்டகைக் கதவின் உட்புறம் சுண்ணக்கட்டியால் முதல் கோடு போட்டான். ஒரு வருஷமும் ஒரு நாளும். ஐசக்கின் வாயிலிருந்து வந்த கேலி அப்படியே பலித்தது. நோவா சூப் ஊற்ற ஆரம்பித்தான்.

போட்டிக்கு வைத்திருந்த பன்னிரண்டு லீக்கையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, ஆட்டெலும்போடு கொதிக்க வைத்துத் தூக்குச் சட்டியில் எடுத்துப் போனான். தலையணையில் சாய்ந்திருந்த ஐசக் கரண்டியால் கிளறிப் பார்த்தான்.

"அடப்பாவி, இது உன் போட்டி லீக்கா? இதையா வெட்டிப் போட்டே? நான் சாகப்போறேன்னு டாக்டர் உங்கிட்ட மட்டும் ஏதாவது சொன்னாரா?"

"வாயை மூடிக்கிட்டுக் குடி."

"மார்த்தாவுக்குக்கூட நீ இப்படி ஆக்கிப்போட்டதில்லையேடா!"

நோவா சட்டியை வெடுக்கென்று இழுத்தான், சூப் போர்வையில் கொட்டியது. எல்லன் துணியோடு வந்து துடைத்தாள். துடைத்துக்கொண்டே, "நோவா, என் கோணி ரெண்டு அன்னிக்கு உன் தோட்டத்துல கிடந்துதா? சிவப்பு நூல் போட்டுத் தைச்சது" என்று கேட்டாள்.

"பார்க்கலை," என்றான் நோவா.

"விடேன் எல்லன், கோணிக்கு வந்த கேடு," என்றான் ஐசக். அவன் நோவாவைப் பார்க்கவில்லை.

ஐசக் எழுந்து நடமாடக் கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. நடந்தானே தவிரப் பழைய ஆள் இல்லை. பேசிக்கொண்டே இருப்பவன் சட்டென்று நின்று, தலையைப் பிடித்துக்கொண்டு, எங்கோ வெறித்துப் பார்ப்பான். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அப்புறம் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வான். ஜனவரியில் மறுபடி சுரங்கத்துக்குள் இறங்கினான். நோவா அவனை மறித்தான்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே. உன் பங்கையும் நானே வெட்டறேன்."

"நீ என்ன என் மாமியாரா? ரெண்டு ஷிப்டு வெட்டினா நீ செத்துப்போவே. அப்புறம் எனக்கு யாரு சூப் வெக்கறது?"

அன்றிலிருந்து நோவா தன் ஷிப்டு முடிந்தும் மேலே வரமாட்டான். ஐசக் வெட்டுமிடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து மேற்கூரையைப் பார்ப்பான், முட்டுக்கட்டைகளைத் தட்டிப் பார்ப்பான். ஐசக் இருமினால் இவனுக்குக் கழுத்து இறுகும். பிப்ரவரியில் ஒருநாள் இருவரும் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது ஐசக் விளக்கைத் தள்ளிவைத்துவிட்டு, இதற்கு முன் கேட்காத ஒரு குரலில் ஆரம்பித்தான்.

"பங்காளி, அன்னிக்குக் காலையில நான் உன் பாத்திக்கு எதுக்கு வந்தேன்னா..."

"பழசை எதுக்குக் கிளறறே?" நோவா பாய்ந்தான். "சறுக்கி விழுந்தே. அவ்வளவுதான். இனிமே அந்தப் பேச்சை எடுக்காதே!"

ஐசக் விளக்கை மறுபடி பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டான். "சரி, எடுக்கலை," என்று சொல்லிவிட்டு ரொட்டியைத் தின்றான். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. எனக்கு அந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். ஒரு வாய் வார்த்தைதானே! கேட்டால் என்ன குடியா முழுகிவிடும்? ஆனால் பயந்தவனுக்குக் காது ஏது.

மார்ச்சில் நாடு முழுக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊரில் அடுப்பெரியவில்லை, பெண்கள் குப்பை மேட்டில் கரித்துண்டு பொறுக்கினார்கள். ஊரே பட்டினி கிடந்த அந்த நாட்களில்தான் நோவா நிம்மதியாகத் தூங்கினான். ஐசக் தரைக்கு மேலே இருந்தான் அல்லவா? ஏப்ரலில் மறுபடி சங்கு ஊதியது, மறுபடி அவன் தூக்கம் போயிற்று. கதவில் கோடுகள் கூடிக்கொண்டே போயின. இருநூறு, முந்நூறு. ஆகஸ்டு கடைசியில் இன்னும் பத்து நாள் என்று ஆனபோது, நோவா சோறு தண்ணி இல்லாமல் எலும்பும் தோலுமாக இருந்தான். ஐசக்தான் அவனைக் கேட்டான், உடம்புக்கு என்ன என்று.

செப்டம்பர் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மேலாளர் கூப்பிட்டார் என்று நோவா மேலே போக வேண்டியிருந்தது. அந்த ஒருநாள். அரை மணி நேரத்துக்குள் ஐசக்கைத் துணி போர்த்தி மேலே கொண்டுவந்தார்கள். கரி வண்டிகள் வரும் தண்டவாளத்தில் நின்றிருக்கிறான், வண்டி ஏறிவிட்டது.

ஒரு வருஷமும் ஒரு நாளும் முடிகிற எட்டாம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.

நோவா இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வியாழக்கிழமை காலை கதவு தட்டப்பட்டது. சார்ஜண்ட் பிளெங்கின்.

"கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பு, நோவா."

நோவா கோட்டை மாட்டினான். விலங்குக்காக இரண்டு கையையும் நீட்டினான்.

"என்னய்யா கையை நீட்டறே? விசாரணைய்யா! ஜூரிக்கு ஆள் சேத்தாச்சு, தலைவர் நீதான் பாக்கி."

"என்னால முடியாது சார்ஜண்ட். அவன் என் பங்காளி."

"பங்காளி உக்காராம வேற எவன் உக்காருவான்? நீ வரலைன்னா ஊர் என்ன பேசும்? வாய்யா."

முதலில் பிணத்தைப் பார்க்கப் போனார்கள். எல்லன் போர்வையை விலக்கினாள். நெஞ்சு நசுங்கியிருந்தது. டாக்டர் தலையைத் திருப்பிக் காட்டினார். பின்மண்டையில் முடி முளைக்காத ஒரு பள்ளம், பிறை மாதிரி வளைந்து. ஜூரியில் இருந்த ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, "செங்கல்லு இப்படியா வளைஞ்சிருக்கும்?" என்று முணுமுணுத்தான்.

மாடியில் பன்னிரண்டு பேரும் பைபிளைத் தூக்கிப் பிடித்துச் சத்தியம் செய்து உட்கார்ந்தார்கள். நோவா கரோனர் த்வெயிட்டுக்குப் பக்கத்து நாற்காலியில். வண்டிக்காரன் சாட்சி சொன்னான்: "கத்தினேன் ஐயா, தொண்டை கிழியக் கத்தினேன். தலையைப் பிடிச்சுக்கிட்டு மரம் மாதிரி நின்னான். கேக்கவே இல்ல." டாக்டர் சொன்னார்: மண்டையோட்டில் பழைய விரிசல் இருக்கிறது, அந்த மயக்கம் அதனால்தான்.

கரோனர் ஜூரியைப் பார்த்துத் திரும்பினார்.

"கவனமாக் கேளுங்க. வண்டி ஏறித்தான் செத்தான், சந்தேகமில்ல. ஆனா பழைய காயத்தாலதான் மயக்கம், மயக்கத்தாலதான் அங்க நின்னான்னா, சங்கிலி அறுபடலை. அந்தக் காயத்தை ஒருத்தன் வேணும்னே உண்டாக்கியிருந்தா, வண்டி மேல பழியைப் போட்டுட்டு அவன் தப்ப முடியாது. காயம் பட்டு வருஷம் முடியறதுக்குள்ளயே செத்திருக்கான். அதனால கேக்கறேன், அந்தக் காயம் எப்படி வந்துது?"

எல்லனைக் கூப்பிட்டார்கள். நோவா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். ஐசக் இவளிடம் சொல்லியிருப்பான், புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன மறைவு என்று நினைத்தான்.

"போன வருஷம், லீக் போட்டிக்கு ரெண்டு நாள் முன்னால ஐயா," என்றாள் எல்லன். "காலையில வானம் கருத்துக்கிட்டு வந்துது. ஆலங்கட்டி கொட்டப்போகுது, நோவா சுரங்கத்துக்குள்ள இருக்கான், அவன் லீக்கெல்லாம் நாசமாயிடும்னு இவர் குதிச்சாரு. அதுக்கு முந்தின வருஷம் எவனோ கீறிட்டுப் போனப்ப நோவா உக்காந்து அழுததை நான்தான் இவர்கிட்ட சொல்லியிருந்தேன். மூடறதுக்கு என் கோணி ரெண்டை எடுத்துக்கிட்டாரு, கயிறு அறுக்க என் சமையல் கத்தியை எடுத்துக்கிட்டாரு. கத்தி மழுங்கிடும்னு நான் திட்டினேன். திட்டிக்கிட்டேதான் அனுப்பினேன்." அவள் மூக்கைச் சிந்தினாள். "பாத்தியில சறுக்கித் தலை செங்கல்லுல மோதிடுச்சுன்னாரு. கோணி காத்துல போயிடுச்சு, கத்தி மண்ணுல எங்கேயோ விழுந்துடுச்சுன்னாரு. மழையும் பெய்யலை."

"அவரே சொன்னாரா, சறுக்கினதா?"

"அவரேதான் ஐயா. சாகற வரைக்கும் அதையேதான் சொன்னாரு."

கரோனர் கண்ணாடியைக் கழற்றினார். அப்படியானால் எல்லாமே விபத்துதான், வேறு கேள்வி இல்லை என்றார். ஜூரி இரண்டு நிமிஷம் தலையைச் சேர்த்து முணுமுணுத்தது. பக்கத்தில் இருந்தவன் தாளை நோவாவின் முன் தள்ளி, மைக்கூட்டையும் நகர்த்தி வைத்தான்.

"எழுது நோவா. விபத்து மரணம். உன் கையெழுத்துதான் பார்க்க லட்சணமா இருக்கும்."

நோவா பேனாவை எடுத்தான். இரண்டு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். வழக்கு அத்தோடு முடிந்தது. அப்புறம் எந்தச் சட்டமும் அவன் கழுத்தைத் தேடி வராது. ஒரு வருஷமாக அவன் கேட்ட வரம் அந்தத் தாளில் இருந்தது. மை சொட்டித் தாளில் விழுந்தது. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, 'எதுக்கு வந்தேன்னா' என்று ஐசக் ஆரம்பித்த குரல்தான் அவன் காதில் கேட்டது.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"ஐயா, இந்த நாற்காலியில நான் உக்காரக் கூடாது. என்னைச் சாட்சி நாற்காலியில உக்கார வைங்க."

"என்ன சொல்றீங்க, ஜாப்ளிங்?"

நோவா கரோனரைப் பார்க்கவில்லை. எல்லனைப் பார்த்தான்.

"எல்லன், உன் கோணி ரெண்டும் காத்துல போகலை. கத்தியோட என் கொட்டகையில இருக்கு. அவன் திருட வந்தான்னு நினைச்சேன். செங்கல்லு இல்ல, எல்லன். மண்வாரி. நான்தான்."

யாரோ நாற்காலியைப் பின்னால் தள்ளினார்கள். சார்ஜண்ட் கதவை விட்டு நகர்ந்து வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். எல்லனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபோது அவள் கத்தவில்லை, அழவும் இல்லை.

"நீ ஏன் அவரைக் கேக்கலை, நோவா?" என்றாள். "எதுக்கு வந்தேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஒரு வருஷமா உன் எதிர்லதானே உக்காந்து சூப் குடிச்சாரு."

நோவா சார்ஜண்ட் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் நீட்டினான்.